தென்னை நிழலும் 12 வோல்ட் பேட்டரியும்

பழைய வேன் ஒன்றை வீடாக மாற்றி, அதன் கூரையில் 200 வாட் சோலார் பேனல்கள் இரண்டைப் பொருத்திக்கொண்டு குமரி மாவட்டத்தைச் சுற்றிவரும் எனக்கு, வெயிலில் நிறுத்தினால் நான் வேகுவதும் நிழலில் நிறுத்தினால் பேட்டரி சாவதுமே அன்றாடப் பாடாகிவிட்டது. இங்கே தென்னை இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துவது நடக்கிற காரியமா? பேனலின் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒற்றை ஓலையின் நிழல் குறுக்கே விழுந்தாலே மின் உற்பத்தி படுத்துவிடுகிறது; காற்றில் ஓலை ஆடும்போதெல்லாம், பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலரின் ஆம்பியர் எண்ணும் 18, 4, 15 என்று கூடவே ஆடுகிறது.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி என்பதெல்லாம் பெயரளவில்தான். பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், கையில் நிற்பது ஏறத்தாழ 900 வாட்-மணியே. அதில்தான் ஃபிரிட்ஜும் மின்விசிறியும் ஓட வேண்டும். போதாக்குறைக்கு, சும்மா கிடக்கும் இன்வெர்ட்டரும் தன் பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. (இரவில் அதை அணைக்க மறந்தவன் நான்தான், அது வேறு விஷயம்.)

இதற்கிடையே, ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்குமாக இரண்டு பருவமழைகளும் முறைவைத்து வந்து வானத்தை மூடுகின்றன. முட்டம் கடற்கரையில் இரண்டு நாள் நின்றால் பேனலில் உப்பு படிந்துவிடும். அதைக் கழுவக் குடிதண்ணீரைத்தான் எடுக்க வேண்டும். நேற்று மாலை முப்பந்தலில், காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழன்றுகொண்டிருக்க, அவற்றின் அடியிலேயே நின்ற என் வண்டியில் பேட்டரி மீட்டர் 11.8 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது, ஃபிரிட்ஜ் நின்று, காலையில் வாங்கிய நெத்திலி நாறத் தொடங்கியிருந்தது.