ஒரு ஆளுக்கு ஒரு அட்டை

அந்த 47 வினாடி வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும். பார்த்தாயிற்று. இனி யாரும் அனுப்ப வேண்டாம்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள், அதனால் கதையை முழுக்கச் சொல்லப்போவதில்லை. பாரிஸ் மெட்ரோவில் டிக்கெட் கதவுக்கு அந்தப் பக்கம் கணவர், இந்தப் பக்கம் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட ஒரு அம்மா. கணவர் கையை எக்கித் தன் டிக்கெட் அட்டையைக் கொடுக்கிறார். அம்மா அதைக் கதவில் இருக்கும் கருவியில் வைக்கிறார், சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைக்கிறார், சிவப்பு. "ஆறு டிக்கெட் போட்டிருக்கேனே" என்று கணவர் யாரிடமோ சொல்கிறார். கேமராவுக்குப் பின்னால் நம்ம ஆள் ஒருவர் அடக்க முடியாமல் சிரிக்கிறார், தமிழில். கீழே கமென்ட்டில் முந்நூறு பேர் சேர்ந்து சிரிக்கிறார்கள், அதுவும் தமிழில்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். "ஒரு ஆளுக்கு ஒரு அட்டைம்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கடிகாரத்தை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு வினாடி. வீடியோ எடுத்தவரிடம் 47 வினாடி இருந்தது.

அந்தப் பெரியவர் செய்தது அப்படி என்ன முட்டாள்தனம்? முன்பெல்லாம் பாரிஸில் பத்து காகித டிக்கெட் கட்டாக வாங்கலாம். ஆளுக்கு ஒன்று கிழித்துக் கொடுப்பது மாதிரி குடும்பமே பங்கு போட்டுக்கொள்ளலாம். போய்வந்தவர்கள் எல்லோரும் ஊருக்கு வந்து சொன்னது அதைத்தான்: "மொத்தமா வாங்கிடுங்க, லாபம்." 2021-லிருந்து அந்தக் கட்டைப் படிப்படியாக நிறுத்தினார்கள். இப்போது 2 யூரோ கொடுத்து நவிகோ ஈஸி என்று ஓர் அட்டை வாங்கி, அதில் டிக்கெட் ஏற்ற வேண்டும். அட்டையை யாருக்கு வேண்டுமானாலும் கடன் கொடுக்கலாம். ஆனால் ஒரே பயணத்தில் இரண்டு பேர் ஒரே அட்டையில் போக முடியாது, உள்ளே இருபது டிக்கெட் இருந்தாலும். இது யாருக்காவது பிறக்கும்போதே தெரியுமா? ஐந்து வருஷம் முன்னால் போய்வந்தவர் சொன்ன யோசனையை நம்பியதுதான் அவர் செய்த குற்றம்.

"யூடியூப்ல பார்த்துட்டுப் போக வேண்டியதுதானே, கூகுள் மேப் இருக்கே" என்று கமென்ட்டில் கேட்டிருக்கிறார் ஒரு மேதாவி. இருக்கிறது ஐயா. நானும் கூகுள் மேப்பை வைத்துக்கொண்டுதான் 2025 மே மாதம் அம்மாவோடு போனேன். ரூ துய்மா, ரூ சுஃப்ரேன் என்று தெருப் பலகை பார்த்து வளர்ந்த பாண்டிச்சேரிக்காரி வேறு. அந்தத் திமிர் இறங்க இரண்டு நாள் ஆனது.

தங்கியது பாரிஸ் புறநகரான கார்ஷில், சித்தப்பா வீட்டில். அங்கிருந்து ஆர்.இ.ஆர். டி என்கிற புறநகர் ரயிலில் கார் து நோர் ஸ்டேஷன், பிறகு மெட்ரோ 4-ஆம் தடம், பிறகு 12-ஆம் தடம், அபெஸ் ஸ்டேஷனில் இறங்கினால் மோன்மார்த்ரு குன்றின் மேல் சாக்ரே கேர் தேவாலயம். கூகுள் எல்லாம் சரியாகத்தான் சொன்னது. வண்டி அபெஸில் நின்றது. நானும் அம்மாவும் கதவுக்கு முன்னால் தயாராக நின்றோம். கதவு திறக்கவில்லை. பக்கத்துப் பெட்டியில் ஆட்கள் இறங்குகிறார்கள், எங்கள் கதவு மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி நிற்கிறது. பீப் சத்தம் வந்தது, வண்டி கிளம்பிவிட்டது.

விஷயம் என்னவென்றால், 1, 4, 14 இந்த மூன்று தடத்திலும் ஓட்டுநரே இல்லாத தானியங்கி வண்டிகள், கதவும் தானாகத் திறக்கும். நாங்கள் அதற்கு முன் ஏறியது 4. அடுத்து ஏறிய 12-இல் பழைய வண்டி. அதன் கதவில் ஒரு சின்ன உலோகக் கொண்டி இருக்கிறது, அதை நாமே மேலே தூக்க வேண்டும். விரலால் லேசாகத் தள்ளினால் நகராது, சுண்டித் தூக்க வேண்டும். ஒரே ஊர், ஒரே டிக்கெட், பத்து நிமிஷ இடைவெளியில் இரண்டு வகைக் கதவு. இதை எந்த மேப் சொல்கிறது?

அடுத்த ஸ்டேஷன் பிகால். தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள். தெரியாதவர்களுக்கு: சாலை நெடுக இரவு விடுதிகளும் வயது வந்தோர் சமாசாரக் கடைகளும் உள்ள இடம். மேலே ஏறி வந்த அம்மா ஒரு கடை ஜன்னலை இரண்டு வினாடி பார்த்தார், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார், "கோயிலுக்குன்னுதானேடி கூட்டிட்டு வந்தே?" என்றார். இன்றைக்கும் எனக்கு நினைத்தால் சிரிப்பு வரும். அது என் அம்மா, நான் சிரிக்கலாம்.

சரி, மெட்ரோவுக்கு வருகிறேன். 1900 ஜூலை 19-ஆம் தேதி முதல் தடம் திறந்தார்கள். இன்று 1 முதல் 14 வரை, நடுவில் 3-க்கும் 7-க்கும் வால் மாதிரி தலா ஒரு குட்டித் தடம் வேறு, மொத்தம் 16 தடம், முந்நூறுக்கு மேல் ஸ்டேஷன். கிழக்கு, மேற்கு என்றெல்லாம் பலகையில் இருக்காது. கடைசி ஸ்டேஷன் பெயர்தான் திசை. இரண்டாம் தடத்தில் நீங்கள் நாலு ஸ்டேஷன் தள்ளிப் போக வேண்டுமென்றாலும், ஊர்க்கோடியில் இருப்பது நாசியோனா, போர்த் தோஃபீனா என்று தெரிந்திருக்க வேண்டும். 13-ஆம் தடம் நடுவழியில் இரண்டாகப் பிரியும், வண்டி முகப்பில் எழுதியிருக்கும் ஊரைப் பார்க்காமல் ஏறினால் வேறு ஊருக்குப் போய்ச் சேருவீர்கள். மெட்ரோவில் வெளியே வரும்போது அட்டை வைக்க வேண்டாம், ஆர்.இ.ஆரில் வைக்காவிட்டால் கதவு திறக்காது. நாங்கள் போனபோது மெட்ரோ டிக்கெட் 2.50 யூரோ, ஆனால் அது பஸ்ஸில் செல்லாது, பஸ்ஸுக்குத் தனியாக 2. வார பாஸ் வாங்கினால் ஏழு நாள் என்று நினைப்பீர்கள், திங்கள் முதல் ஞாயிறு வரைதான் வாரம். வியாழக்கிழமை வாங்கினால் நாலே நாள். முட்டிவலிக்காரர்களுக்கு இன்னொரு செய்தி: தடம் முழுக்க எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருப்பது 14-இல் மட்டும். மற்றவற்றில் படி, படி, படி.

குறை சொல்லவில்லை. அருமையான மெட்ரோ. ஒரு வண்டியை விட்டால் இரண்டு மூன்று நிமிஷத்தில் அடுத்தது வந்துவிடும். அங்கேயே இருப்பவர்களுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். கைப்பழக்கத்தை அறிவு என்று நினைத்துக்கொள்வதுதான் எனக்கு எரிகிறது.

"சட்டம்னா சட்டம்தான், ஒரே அட்டையில ரெண்டு பேர் போனா ஃபைன்தான்." ஆமாம். மறுக்கவில்லை. அட்டையைச் சோதித்து அபராதம் போடுகிறவர் தன் வேலையைச் செய்கிறார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் யாரையும் வீடியோ எடுத்துப் பாட்டுப் போட்டுப் பரப்பவில்லை.

"இந்த மாதிரி ஓசிப் பயணம் போறவங்களாலதான் நம்ம மானமே போகுது." இதைப் படித்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மேலே எழுதுகிறேன். அவர் அட்டையில் ஆறு டிக்கெட் இருக்கிறது. ஆறு! காசு கட்டியாயிற்று. ஓசியில் போக நினைப்பவன் எதற்கு வரிசையில் நின்று அட்டை வாங்குகிறான்? காசு கட்டியும் கதவு திறக்காமல் நிற்கிற அம்மாவைப் பார்த்து மானம் போகிறதாம். எந்த மானம், யாருடைய மானம்? பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரர் நம்மையும் இவர்களோடு சேர்த்துவிடுவாரோ என்கிற பயத்துக்குப் பெயர் மானமா?

எங்கள் பாண்டியில் வாரத்துக்கு ஒரு வெளிநாட்டுக்காரராவது வாடகை சைக்கிளில் ஒன்வேயில் எதிர்த்திசையில் வருவார். யாராவது வீடியோ எடுத்து "பட்டிக்காடு" என்று போடுகிறார்களா? டீக்கடையிலிருந்து ஒருவர் எழுந்து போய், தெரிந்த நாலு பிரெஞ்சு வார்த்தையில் வழி சொல்லிவிட்டு வருவார். அவர்களுக்கு வழி, நம்ம ஆளுக்கு வீடியோ. நல்ல நியாயம்.

"சும்மா தமாஷுக்குத்தானே, ஏன் இவ்வளவு சீரியஸ்?" என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பிகால் கதையை அன்று ராத்திரி சித்தப்பா வீட்டில் நான்தான் முதலில் சொன்னேன். எல்லோரும் சிரித்தோம், அம்மாவும் சிரித்தார். பிறகு சித்தப்பா அதை விடவில்லை. போனில் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார். "அண்ணி ரயில் கதவைப் பார்த்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னாங்களாம்" என்பது வரை போனது. மறுநாள் காலை அம்மா முட்டி வலிக்கிறது, நீ போய்ட்டு வா என்றார். அடுத்த மூன்று நாளும் முட்டி வலித்தது. ஐஃபில் கோபுரத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன். ஊருக்கு வந்து இறங்கிய அன்றே மார்க்கெட் வரை நடந்துபோய் மீன் வாங்கிக்கொண்டு வந்தார்.

இதைச் சித்தப்பா படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

அதே ஊரில் இன்னொருவரையும் பார்த்தோம், அதையும் சொல்ல வேண்டும். முதல் நாள், கார் து நோரில், 4-ஆம் தடத்தில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றோம். ரெஸ்டாரன்ட் வேலைக்குப் போகிற மாதிரி பையும் கையுமாக ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன். "எங்க போகோணும் அம்மா?" என்று அவராகவே கேட்டார். பிளாட்பாரம் வரை கூடவே வந்து, "கிளிஞான்கூர் எண்டு போட்டிருக்கிற வண்டியில ஏறுங்கோ" என்றார். அம்மா நன்றி சொன்னதற்கு, "நானும் வந்த புதுசில நாசியோனுக்குப் போக வெளிக்கிட்டு தோஃபீனுக்குப் போனனான்" என்று சிரித்துவிட்டு ஓடினார், வேலைக்கு நேரமாகியிருக்கும். பெயர் கேட்கத் தோன்றவில்லை. 12-இல் கொண்டியைத் தூக்க வேண்டும் என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டார், பரவாயில்லை.

நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அந்த வீடியோ வந்தது. யார் போட்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அம்மா அதைக் கடைசி வரை பார்த்துவிட்டு, "அப்புறம் அந்தம்மா உள்ளே போனாங்களா?" என்று கேட்டார். தெரியவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் அவர் நிற்கும்போதே வீடியோ முடிந்துவிடுகிறது.

வீடியோ எடுத்தவர் என் நண்பர் பட்டியலில்தான் இருக்கிறார். முந்தாநாள் தனியாக எழுதி, அதை நீக்கிவிடுங்கள் என்று கேட்டேன். ஒரு சிரிப்பு ஸ்டிக்கர் அனுப்பினார். இன்று காலை பார்த்தேன், இன்னும் இருக்கிறது.