மாலையில் நடந்தால் பிபி ஏறுமா?

"குண்டாக இருக்கும் பிபி நோயாளிகள் மாலையில் நடந்தால் தூக்கம் கெடும், ராத்திரி பிரஷர் எகிறும்" என்று கம்பம், கூடலூர் பக்கம் ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

நடக்கும்போது பிரஷர் கொஞ்சம் ஏறும், சரி. நின்றபின் இறங்கி, பல மணி நேரம் முன்பைவிடக் குறைவாகவே இருக்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பிரஷரின் மேல் அளவு (120/80 என்றால் அந்த 120) 5 முதல் 8 புள்ளி வரை குறையலாம், தூக்கமும் மேம்படும். பகலெல்லாம் குமுளி ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்துவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்புகிறவருக்குக் கிடைப்பதே அந்த மாலை நேரம்தான். அதையும் பயமுறுத்திப் பறிக்காதீர்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் மூச்சிரைக்க ஓடுவதை மட்டும் தவிர்த்தால் போதும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது குறட்டையை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் அதுவே பிரஷரை ஏற்றும். டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.