குரங்கணியில் வியூ பாயிண்ட் எங்கே இருக்கு?

போன வாரம் இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டிருந்தார். "அண்ணே, நீங்க போடிக்காரர்தானே? குரங்கணியில நல்ல வியூ பாயிண்ட் எது? கார் எதுவரைக்கும் போகும்?" ரெண்டு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை.

கார் குரங்கணி வரைக்கும் போகும் தம்பி. போடியிலிருந்து 16 கிலோமீட்டர். வியூ பாயிண்ட் என்று கேட்டால்தான் எனக்குத் திக்குகிறது. குரங்கணி மலையின் காலடியில் கிடக்கிற ஊர். அங்கே நின்றால் கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்கிற இடமெல்லாம் மேலே இருக்கிறது, நடந்தால்தான் கிடைக்கும்.

ஊர் உலகத்துக்குத் தெரிந்த இரண்டு வியூ பாயிண்டுகள் எங்கள் மலையில்தான் இருக்கின்றன. டாப் ஸ்டேஷன் ஒன்று, கொழுக்குமலை இன்னொன்று. இரண்டும் தேனி மாவட்டம். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளாவுக்குள் நுழைந்தாக வேண்டும். முதலாவதுக்கு மூணாறிலிருந்து 32 கிலோமீட்டர். இரண்டாவதுக்குச் சூரியநெல்லியில் ஜீப் பிடித்து, இடுப்பெலும்பைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தெரிகிற மலைக்குப் போக, போடிக்காரன் போடிமெட்டு வளைவெல்லாம் ஏறி அடுத்த மாநிலத்தைச் சுற்றி வருகிறான். நேர்வழி ஒன்று உண்டு. அது கால்வழி.

அந்த வழியில் உள்ள ஊர்ப்பெயர்களைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். தண்டவாளமே இல்லாத காட்டில் சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன்! ஆனால் ஒரு காலத்தில் தண்டவாளம் இருந்தது. மூணாறு தேயிலையை வெளியே கொண்டுவர 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, வண்டிகளை மாடு கட்டி இழுத்தார்கள். 1908இல் அதை இரண்டடி அகல ரயில்பாதையாக மாற்றி நீராவி இன்ஜின் விட்டார்கள். அந்த ரயில் மூச்சு வாங்கி நின்ற கடைசி இடம்தான் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். அது பாட்டம் ஸ்டேஷன். அப்புறம் மாட்டு வண்டியில் போடி. 1924 வெள்ளம் ரயிலை மொத்தமாக அடித்துக்கொண்டு போய்விட்டது. மலையாளிகள் '99 வெள்ளம்' என்று இன்னும் சொல்கிறார்களே, கொல்லம் ஆண்டு 1099, அந்த வெள்ளம்தான். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை என்னவென்றால், மலைமேல் ரயில் வந்து, ஓடி, அழிந்தும் போய் நாலு வருஷம் கழித்து, 1928இல்தான் போடிக்கே ரயில் வந்தது.

தேயிலைப் பெட்டிக்கு ரோப்வே கம்பி இருந்தது. ஆட்கள் நடந்தார்கள். இன்றைக்கு நாம் 'டிரெக்கிங் ரூட்' என்று சொல்கிற பாதை இந்த மாதிரிக் கால்களால் விழுந்தது. காட்சி பார்க்க யாரும் அதைப் போடவில்லை. தலையில் மூட்டையோடு ஏறுகிறவனுக்கு நெஞ்சு அடைக்காத அளவுக்கு வளைத்து வளைத்து விட்டிருப்பார்கள். நம் பையன்கள் அந்த வளைவுகளை வெட்டிக் குறுக்கே ஏறுவார்கள். பாதி மலையில் தொடை நடுங்கி உட்கார்ந்திருப்பதும் அவர்கள்தான். சரியாக மூச்சு முட்டப் போகிற இடத்தில் ஒரு பாறையோ மரத்தடியோ இருக்கும். மூட்டையை இறக்கிச் சும்மாட்டைக் கழற்றுகிற இடம். அங்கே நின்று திரும்பிப் பாருங்கள். தம்பி கேட்ட வியூ பாயிண்ட் அதுதான். கீழே முதலில் இலவமும் மாந்தோப்பும். கொஞ்சம் ஏறினால் காப்பித் தோட்டம், சில்வர் ஓக்கில் சுற்றிய மிளகுக்கொடி. அதற்கும் மேலே மொட்டையாகப் புல், மலை மடிப்புகளில் மட்டும் கறுப்பாகச் சோலைக்காடு.

ஆடி மாசம் ஒரு கூத்து நடக்கும். கேரளப் பக்கமிருந்து வரும் மேகம் மலைவிளிம்பில் பால் பொங்குகிற மாதிரி பொங்கி இந்தப் பக்கம் வழியும். ஆனால் போடிக்கு வந்து சேராது. இறங்கும் காற்று சூடாகிவிடுவதால் பாதியிலேயே மேகம் கரைந்துபோகும். மணிக்கணக்காக வழிந்துகொண்டே இருக்கும், ஒரு அடிகூடக் கீழே வராது. எங்களுக்கு மிச்சம் காற்றும் தூறலும்தான். இதைப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. ஆனாலும் எல்லோரும் கொழுக்குமலை சூரிய உதயத்துக்குத்தான் விடிகாலை மூணு மணிக்கு அலாரம் வைக்கிறார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு 2018 மார்ச் 11ஐத் தாண்டிப்போக முடியாது. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்கள் காய்ந்த புல்லில் பற்றிய தீயில் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் செத்துப்போனார்கள். ஊர்க்காரர்கள்தான் முதலில் மேலே ஓடினார்கள்.

அப்போது டீவியில் பேசியவர்கள் மலையேறுவதே ஆபத்து என்கிற மாதிரி பேசினார்கள். எனக்கு அன்றும் அது பொறுக்கவில்லை, இன்றும் பொறுக்கவில்லை. மாசி பங்குனியில் அந்தப் புல் வைக்கோலைவிட மோசம். பகலில் சரிவு சூடேறியதும் காற்று கீழிருந்து மேலே வீசும். தீ ஏறும்போது அதன் நாக்கு முன்னால் இருக்கிற புல்லை முதலில் வாட்டிவிட்டுத்தான் பிடிக்கும். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் பழகிய கணக்கு. மேலே ஓடி அதை யாராலும் ஜெயிக்க முடியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்தான். அங்கே மாடு மேய்க்கிறவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்கப்புறம் அரசு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' தொடங்கி 40 பாதைகளைத் திறந்தார்கள். குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று. ஆன்லைனில் பதிவு, கூட உள்ளூர் வழிகாட்டி. நல்ல காரியம். தீக்காலத்தில் மூடுவதும் சரி. அதற்காகப் புலம்புகிறவர்களோடு எனக்கு ஒட்டுறவில்லை. என் குறை வேறு. வழிகாட்டி என்றால் முன்னால் நடந்து வழி காட்டுகிறவர், பை தூக்குகிறவர், போட்டோ எடுத்துக் கொடுக்கிறவர் என்றே நாம் நினைக்கிறோம். "இன்னைக்கு வேணாம், திரும்புங்க" என்று சொல்லத்தான் அவர் வேண்டும். காசு கட்டி, லீவு போட்டு, ராத்திரி பஸ்ஸில் வந்திறங்கிய பத்துப் பேர் முன்னால் தினக்கூலி வாங்குகிற ஒருவர் அதைச் சொல்வது லேசா? அவர் திருப்பி அனுப்பினாலும் அன்றைய கூலி குறையாது, வந்தவருக்கும் வேறு நாள் உண்டு என்று எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த விதியும் காகிதம்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ரோடு வேண்டும் என்கிற பேச்சு எங்கள் பக்கம் ரொம்ப நாளாக உண்டு. நான் பல வருஷம் அதற்கு எதிராகப் பேசியவன். ரோடு வந்தால் பாதை செத்துவிடும், பிளாஸ்டிக் வந்துவிடும், எல்லாம் சொல்லியிருக்கிறேன். மலையிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவதை ஒருதடவை எதிரே நின்று பார்த்தேன். ஒதுங்கி வழிவிட்டேன். கையில் செல்ஃபி ஸ்டிக் இருந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். மேலே குடியிருக்கிற ஊர் வரைக்கும் வண்டி போகட்டும். அதற்கு மேல் நமக்காக ஒரு அடி வேண்டாம்.

சென்னை நண்பர்களோடு ஒரு கார்த்திகையில் போனபோது, சென்ட்ரல் ஸ்டேஷன் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கூட வந்த அண்ணன் நின்றுவிட்டார். பாதையில் காட்டுமாட்டுச் சாணி, இன்னும் ஆவி பறக்கிறது. "இதுக்கு மேல இன்னைக்கு வேணாம் சார்."

"அண்ணே, இதுக்குன்னே லீவு போட்டு வந்திருக்கோம்ணே" என்றான் நண்பன். "ஓரமா சத்தம் போட்டுக்கிட்டே போயிரலாமே?"

"நீங்க சத்தம் போட்டுட்டுப் போயிருவீங்க. அது மெரண்டு இங்கனயே நிக்கும். நாளைக்கு ரேஷன் அரிசி தூக்கிக்கிட்டு எங்க ஆளுகதானே இந்த வழியா வரணும்?"

யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. இறங்கி வந்து ஒரு வீட்டுத் திண்ணையில் வரக்காப்பி குடித்தோம். மூடியிருந்த பனி பத்து நிமிஷம் விலகியது. போடி தெரிந்தது, தூரத்தில் வெள்ளையாகக் கண்மாய்கள் தெரிந்தன. அண்ணன் கையை நீட்டி, "அந்தா தெரியுது பாருங்க, அதான் எங்க அக்காவைக் கட்டிக் குடுத்த ஊரு" என்றார். அவர் காட்டிய ஊர் எங்களில் ஒருவர் கண்ணுக்கும் தட்டுப்படவில்லை.

தம்பி, தை மாசத்துக்குள் வாங்க. பதிவு பண்ணிவிட்டு வாங்க. தண்ணி நிறையக் கொண்டு வாங்க.