25 டாலர் கட்டிய அன்றே ஆப் வெளிவந்துவிடாது

“25 டாலர் கட்டினால் அன்றைக்கே நம் ஆப் ப்ளே ஸ்டோரில் வந்துவிடும்” என்று ஒரு நண்பர் எழுதியிருப்பதில் கட்டணம் மட்டுமே சரி. அது ஆப் வெளியிடுவதற்கான கணக்கைத் தொடங்க ஒரே ஒரு முறை செலுத்துவது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்காக இருந்தால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் மூடிய சோதனையில் (நாம் சேர்ப்பவர்கள் மட்டும் ஆப்பைப் பயன்படுத்திப் பார்ப்பது) இணைந்திருந்த பின்னரே பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். முதலில் இந்த எண்ணிக்கை 20 ஆக இருந்தது. நிறுவனக் கணக்குகளுக்கு இந்த நிபந்தனை இல்லை.

வீட்டுச் செலவைக் குறித்துவைக்க நான் செய்த சிறிய ஆப்புக்குச் சரியாக 12 பேரை மட்டுமே சேர்த்திருந்தேன். பத்தாம் நாள் என் சித்தி தெரியாமல் சோதனையிலிருந்து விலகிவிட, அவருக்குப் பதிலாக வந்தவருக்கு 14 நாட்களை முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. ஆகவே புதிதாகத் தொடங்குபவர்கள் தயவுசெய்து 15 பேரையாவது முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள்.