பலகையைக் கழற்றிக்கொண்டு போனவர்களுக்கு

புதன்கிழமை திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்தில் நடந்ததை எல்லோரும் படத்தோடு பார்த்துவிட்டீர்கள். மறுபடி நீட்டி விவரிக்க எனக்கு மனமில்லை. வயல் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொட்டில் போட்டுச் சோறு விற்கும் ஓர் அக்காவிடம், அனுமதி இல்லை என்று அதிகாரிகள் வந்தார்கள். கொட்டில் வாசலில் இருந்த மரப் பெயர்ப்பலகையைக் கழற்றி வாகனத்தில் ஏற்றியபோது அந்த அக்கா கேட்டது ஒரேயொரு கேள்வி: "என்ன அனுமதி ஐயா, அதை எங்கே எடுக்கவேண்டும்?" பதில் இல்லை. அன்றிலிருந்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார். ஒவ்வோர் இடமும் அடுத்த இடத்தைக் கைகாட்டுகிறது.

இப்படி வயலுக்கு விருந்தினரை வரவேற்கும் விவசாயச் சுற்றுலாவுக்குக் கட்டுப்பாடு வேண்டும். இதை நான் முன்பும் எழுதியிருக்கிறேன். ஆனால் விதியை எழுதுங்கள், கமக்காரருக்கு விளங்கச் சொல்லுங்கள், அதன்படி நடக்கக் கொஞ்சம் உதவுங்கள். அதன்பிறகு தண்டிக்க வாருங்கள். புதன்கிழமை தண்டனை மட்டும்தான் வந்தது.

"சுகாதாரம் முக்கியமில்லையா?" என்று நேற்றிலிருந்து பலர் கேட்கிறார்கள். முக்கியம்தான். வயல் சேற்றில் எலிக்காய்ச்சல் இருக்கிறது, காலில் ஒரு கீறல் போதும். அதற்காகத்தான் எங்கள் ஆட்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டொக்சிசைக்கிளின் குளிசை கொடுக்கிறார். படம் எடுப்பதற்காகச் சேற்றில் இறங்கும் விருந்தினருக்கு இதை யார் சொல்வது? மருந்தடித்த வயலுக்குள் எத்தனை நாளைக்கு ஆளை விடக்கூடாது? கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பது யார்? இவற்றுக்கெல்லாம் விதி வேண்டும், கண்டிப்பாக வேண்டும். அன்று வந்தவர்களில் ஒருவராவது அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாரா? இல்லை. பலகையைத்தான் பார்த்தார்கள்.

தங்குமிடம் நடத்துபவர்கள் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதியலாம், தெரியும். அக்கா யாரையும் தங்கவைக்கவில்லை. சோறு, குளத்து மீன் குழம்பு, முருங்கையிலை வறை, எருமைத் தயிர். சாப்பிட்டவர்கள் வரம்பில் நடந்து, வாய்க்காலில் கால் நனைத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான். ஹோட்டலுக்கு எழுதிய விதியைத் தூக்கிக் கிடுகுக் கொட்டிலின் தலையில் வைத்தால் கொட்டில் தாங்குமா?

"கடற்கரை விடுதிகளும் நம் பிள்ளைகளுக்குத்தானே வேலை கொடுக்கின்றன?" உண்மை. என் மச்சானே நிலாவெளிக் கடற்கரை விடுதியொன்றில் வேலை செய்கிறான். நான் விடுதிகளுக்கு எதிரி இல்லை. ஆனால் 'கிராம வாழ்க்கை' காட்டுகிறோம் என்று காசு வாங்கிக்கொண்டு விருந்தினரை வான்களில் கொண்டுவந்து வயலில் இறக்குகிறார்களே, அப்போது உடைவது யாருடைய வரம்பு? உடைந்த வரம்பைக் கட்ட மண்வெட்டி எடுப்பது யார்? அந்தக் காசில் ஒரு ரூபாயாவது வயல்காரருக்கு வந்திருக்கிறதா? 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்து மூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பக்கூடாது. வீதியோரத்தில் கிரவல் கொட்டி நிரப்பிய வயல்களை நாம் எல்லோரும் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறோம். அங்கே நிற்காத வாகனம் அக்காவின் கொட்டிலடியில் வந்து நின்றிருக்கிறது. எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இத்தாலியில் விவசாயச் சுற்றுலாவுக்கு 1985இலேயே தனிச் சட்டம் இயற்றினார்கள், 2006இல் அதைப் புதிதாக எழுதினார்கள். விருந்தினரை வரவேற்பவர் கமக்காரராக இருக்கவேண்டும், விவசாயமே முதன்மைத் தொழிலாக நீடிக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த ஒன்றை இங்கே எழுதினாலே பாதிப் பிரச்சினை தீரும். வான்காரர் கமக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் வயலுக்குள் வரவேண்டியிருக்கும்.

சுற்றுலாவால் பண்பாடு கெட்டுவிடும் என்பவர்களுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. நெல்லை விற்றுக் கடனைக் கட்ட முடியாமல் காணியை ஈடு வைத்தபோது அவர்கள் யாரும் பண்பாட்டைப் பற்றிப் பேச வரவில்லை.

2018 சிறுபோகத்தில் சைக்கிளில் வந்த ஒரு வெளிநாட்டுச் சோடி வெயிலுக்கு எங்கள் வேம்பின் கீழ் ஒதுங்கியது. அம்மா கூப்பிட்டுச் சோறு போட்டார், தயிர் ஊற்றினார். போகும்போது கோப்பைக்குக் கீழே காசு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைக் கண்டதும் அம்மாவின் முகம் கறுத்துப்போனது. "சோற்றுக்குக் காசா?" என்று சொல்லித் தம்பியைச் சைக்கிளில் துரத்தினார். பிரதான வீதியில் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அவன் வந்தான். அப்பா அன்றிரவு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

பிறகு 2021 வந்தது. இரசாயனப் பசளைக்குத் தடை. எங்கள் வயலில் விளைச்சல் பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த வருடம் டீசலும் இல்லை. அந்த நாட்களில் ஒரு மாலை, அப்பா இல்லாத நேரம் பார்த்து அம்மா என்னிடம் வந்து கேட்டார்: "ஒரு சாப்பாட்டுக்கு எவ்வளவு கேட்கலாம், பிள்ளை?" சத்தமே வரவில்லை அவருக்கு. அந்தக் கேள்வியைக் கேட்க என் அம்மா என்ன பாடுபட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அனுமதிப் பத்திரம் இல்லாத வியாபாரம் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். விருந்தோம்பலுக்கு விலை வைக்க நேர்ந்ததே எங்களுக்குப் போதுமான அவமானம். அதையும் நாங்கள் விழுங்கித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தோம்.

அக்காவின் கொட்டிலுக்குத் தயிர் எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது. சனிக்கிழமைக்கு ஆறு பேர் வருவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். இன்று விடியற்காலை பாலைக் காய்ச்சி இறக்கி வைத்துக்கொண்டு, உறை ஊற்றுவதா வேண்டாமா என்று அம்மா கேட்டார். அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அக்கா இன்னும் அலுவலகத்திலிருந்து திரும்பவில்லை.