ஆறு விரல் பியானோ

நேற்று இரவு ஒரு புதுத் தொடரைப் போட்டேன். டைட்டிலில் ஒரு பெண் பியானோ வாசிக்கிறாள். எண்ணிப் பார்த்தால் வலது கையில் ஆறு விரல். அடுத்த நொடி ஐந்து. பின்சுவரில் ஏதோ போஸ்டர், அதிலிருக்கும் எழுத்து எந்த மொழியிலும் சேராது. செயற்கை நுண்ணறிவு, அதாவது ஏஐ, வரைந்த படம்தான் போலிருக்கிறது. அப்புறம் கதை எங்கே மனதில் ஏறும்? முக்கால் மணி நேரமும் வருகிறவர் போகிறவர் விரலையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏஐயே ஆகாது என்று சொல்லவில்லை. ஒலியில் இரைச்சலை நீக்கட்டும், பழைய படச்சுருளைத் துலக்கட்டும். சரி. ஆனால் ஓவியர் வரைந்ததை அவரைக் கேட்காமலே இயந்திரத்துக்குத் தீனியாகப் போட்டு, அப்புறம் அவருக்கே வேலை இல்லை என்பது என்ன நியாயம்?

2023-இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து ஓர் ஒப்பந்தம் வாங்கினார்கள். கையில் தரும் பிரதியில் ஏஐ எழுதியது இருந்தால் நிறுவனம் எழுத்தாளரிடம் சொல்லியாக வேண்டும் என்பது அதில் ஒரு விதி. பார்க்கிற நமக்கு யார் சொல்வது?

பெயர்ப் பட்டியலையாவது படிக்கலாம் என்றால், ‘அடுத்த பகுதி 5 நொடியில்’ என்று அதைச் சுருட்டி மூலையில் தள்ளிவிடுகிறார்கள். ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் பியானோக்காரி மறுபடி வந்துவிட்டாள்.