மொட்டை மாடியில் கட்டியிருக்கும் நாயை முதலில் கீழே கொண்டு வாருங்கள்

சித்திரை பிறந்ததும் என் ஃபீடு முழுக்கக் கூலிங் மேட் விளம்பரம்தான். நாய்க்குக் குளிர்ச்சி மெத்தை, பூனைக்குக் குட்டி ஃபவுன்டன், ஐஸ் வைத்துக் கட்டுகிற கழுத்துப்பட்டை, நாய்க்கென்றே தனி ஐஸ்கிரீம். காசு இருக்கிறவர்கள் வாங்கட்டும், நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் வேலூரில் குடியிருந்துகொண்டு வருஷா வருஷம் இந்த வெயிலைத் தின்கிறவன் என்கிற முறையில் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நாம் வளர்க்கிற பிராணிகள் வெயிலில் மாட்டிக்கொள்வது எழுந்து வேறு இடம் போக முடியாததால்தான். போகவிடாமல் வைத்திருப்பதும் நாம்தான்.

நம்பிக்கை இல்லையென்றால் அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் பதினொரு மணிக்கு மேல் உங்கள் தெரு நாய்களைத் தேடிப் பாருங்கள். ஒன்றுகூட நடுரோட்டில் இருக்காது. ஒன்று குழாயடிச் சேற்றில் கிடக்கும், ஒன்று நிறுத்தி வைத்த காருக்கு அடியில் கிடக்கும். எங்கள் தெருமுனையில் வீடு கட்டுவதற்காக எம்-சாண்ட் கொட்டி வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு செவலை நாய் மேலே இருக்கும் சூடான மணலை முன்னங்காலால் வாரித் தள்ளிவிட்டு, உள்ளே ஈரம் தட்டியதும் வயிற்றை அதில் ஒட்டி நாலு காலையும் பரப்பிப் படுத்துவிடும். நிழல் நகர்ந்தால் அதுவும் எழுந்து அடுத்த குழி தோண்டும். இதையெல்லாம் அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதே தெருவில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஒரு லேப்ரடார் இருக்கிறது. மேலே தகரக் கொட்டகை, ஐந்தடிச் சங்கிலி, ஒரு எவர்சில்வர் கிண்ணம். காலை ஒன்பது மணிக்குப் பார்த்தால் நல்ல நிழல் என்றுதான் தோன்றும். உச்சி வேளையில் தகரம் தொட முடியாத அளவுக்குக் கொதித்துவிடும், அப்புறம் அது நிழல் தருகிறதா அனல் தருகிறதா என்று சொல்ல முடியாது. மூன்று மணிக்கு மேற்கு வெயில் பக்கவாட்டில் நேராக உள்ளே வரும், சங்கிலி அதற்கு மேல் நீளாது. கிண்ணத்துத் தண்ணீர் அதற்குள் காப்பி போடலாம் என்கிற பதத்துக்கு வந்திருக்கும், இல்லையென்றால் நாய் கால் பட்டுக் கவிழ்ந்திருக்கும். சூரியன் இறங்கினால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் தளம் ராத்திரி வரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த வீட்டு அண்ணனிடம் ஒருமுறை கேட்டேவிட்டேன். "அட போ தம்பி, நாய்தானே, வெயில் மழை எல்லாம் அதுக்குப் பழகினதுதான்" என்றார். மனுஷன் மோசமானவர் இல்லை. அதற்குச் சிக்கன் இல்லாமல் ஒருவேளை போகாது, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி ஸ்டேட்டஸ் போடுவார். பாசத்துக்குக் குறைவில்லாத வீட்டில்தான் இது நடக்கிறது.

பழகும் என்பது முழுப் பொய்யும் இல்லை. உடம்பு வெயிலுக்குப் பழகத்தான் செய்யும், ஆனால் அதற்கு வாரக்கணக்கில் ஆகும், அப்படிப் பழகினாலும் ஓர் எல்லை உண்டு. ராத்திரி ஏசி அறையில் கட்டிலுக்குக் கீழே தூங்க வைத்துவிட்டுப் பகலில் வேலைக்காரம்மா வருகிறார்கள் என்று மாடியில் கொண்டுபோய்க் கட்டுகிற நாய்க்கு அந்தப் பழக்கமும் வராது.

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது, காற்று பட்டால் வியர்வை ஆறிக் குளிர்கிறது. நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், அதுவும் பெயருக்கு. சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கிற முக்கியமான வழி நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது. அதனால்தான் "ஃபேன் போட்டுவிட்டுத்தானே போனேன்" என்று சொல்வதில் பெரிய பலன் இல்லை. காய்ந்த ரோமத்தின் மேல் ஃபேன் ஓடினால் வெறும் அனல் காற்றுதான். வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் நனைத்துவிட்டு ஃபேன் போட்டால் கதையே வேறு. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் இரைத்தும் சூடு இறங்காது, ஆகவே சென்னையிலோ கடலூரிலோ புழுக்கமான 36 டிகிரி எங்கள் ஊரின் காய்ந்த 40-ஐவிட நாயைச் சில சமயம் அதிகம் படுத்தும். தெர்மாமீட்டரை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீர்கள்.

இரைப்பதுதான் முக்கியமான வழி என்றால், மூக்கே இல்லாத நாய் என்ன செய்யும்? ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் பக் நாய் வந்த பிறகு ஊரில் அது பெருகிய வேகம் பலருக்கு ஞாபகம் இருக்கும். பக், ஃபிரெஞ்ச் புல்டாக், ஷிட்சு, பூனையில் பெர்ஷியன், எல்லாவற்றுக்கும் முகம் சப்பை, மூச்சுக்குழல் குறுகல். ஏசி இல்லாத மே மாதம் அவற்றுக்குத் தினமும் ஒரு கண்டம். ஹஸ்கியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? சைபீரியப் பனியில் வண்டி இழுக்கிறதற்காக இரட்டை ரோமத்தோடு வளர்த்தெடுத்த இனத்தைக் காட்பாடியில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வைத்திருக்கிறோம். 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக், ஃபிரெஞ்ச் புல்டாக் உள்ளிட்ட சில இனங்கள் இங்கே இனப்பெருக்கம் செய்ய ஏற்றவை அல்ல என்று பட்டியலே போட்டிருந்தார்கள். அதன் மேல் சர்ச்சையும் வந்தது. என்னைக் கேட்டால் பட்டியலின் நோக்கம் சரிதான். ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதை யாரும் தூக்கிப் போட முடியாது, கடைசி வரை பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

இப்படிச் சொன்னதும் "அதனாலதான் நாங்க நாட்டு நாய் வெச்சிருக்கோம்" என்று சில பேர் மீசையை முறுக்குவார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒட்டின வயிறும் குட்டை ரோமமுமாகத் தெற்கத்தி கரிசல் வெயிலில் முயல் விரட்டின இனங்கள், மறுக்கவில்லை. ஆனால் அவை ஓடியது அவிழ்த்துவிட்ட காட்டில், ஓடி முடித்ததும் மர நிழலில் விழுந்து கிடக்கும். அதையே கொண்டுவந்து தகரத்தின் கீழ் கட்டினால் அதுவும் துவண்டுதான் போகும். ராஜபாளையம் இன்னும் பாவம், வெள்ளை ரோமமும் அடியில் இளஞ்சிவப்புத் தோலுமாக இருக்கிற அதற்கு மூக்கு நுனியும் காது மடலும் வெயிலில் வெந்து தோல் உரியும்.

அப்புறம் இந்த மொட்டை அடிக்கிற பழக்கம். வெயில் வந்ததும் ஹஸ்கி, ஸ்பிட்ஸ், கோல்டன் ரெட்ரீவர் எல்லாவற்றையும் மெஷின் போட்டுத் தோல் தெரிகிற அளவுக்கு மழித்துவிடுகிறார்கள். இரட்டை ரோமம் வெயிலை நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது, மழித்தபின் அது பழையபடி வளராமலே போவதும் உண்டு. உதிர்ந்த அடிமயிரைச் சீப்பால் நன்றாக வாரி எடுத்தாலே காற்று உள்ளே போகும். பாதி வேலை அதுதான்.

வாக்கிங் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் முடிந்ததும் நாய் வளர்க்கிறவர் தனக்கு வசதியாக இருக்கிறது என்று அதை இழுத்துக்கொண்டு வருகிறார். இவர் காலில் ஷூ இருக்கிறது. புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஏழு எண்ணும்வரை உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயாலும் நடக்க முடியாது. மே மாதத்தில் காலை ஆறு மணிக்குள் ஒரு நடை, ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஒரு நடை, பந்து விளையாட்டெல்லாம் ஜூலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் சும்மா கிடக்கிற நாயைவிட வெயிலில் ஓடுகிற நாய் சீக்கிரம் விழும், அது தானாக நிறுத்தாது, நீங்கள் எறிகிற வரை எடுத்துவரும். கார் விஷயமும் இதே போலத்தான். வெளியே 30 டிகிரி இருக்கிற சுமாரான நாளிலேயே கண்ணாடி ஏற்றிய காருக்குள் பத்து நிமிஷத்தில் 40-ஐத் தொடும், அரை மணியில் 48-க்குப் பக்கம் போகும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவைப்பதால் பெரிய மாற்றம் கிடையாது.

சரி, நாய் வெயில் தாங்காமல் விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நாயின் இயல்பான சூடே 101-லிருந்து 102.5 ஃபாரன்ஹீட், ஆகவே தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இரைப்பு நிற்காது, எச்சில் கெட்டியாகக் கயிறு மாதிரி தொங்கும், ஈறு செக்கச்செவேல் என்றிருக்கும், நடை தள்ளாடும், வாந்தி, ரத்தபேதி வரலாம். 104-ஐத் தாண்டினால் ஆபத்து, 106-ஐத் தாண்டினால் குடல், சிறுநீரகம், மூளை என்று வரிசையாக அடிவாங்கும். இந்த நேரத்தில் ஆட்டோ தேடி அலையாதீர்கள். முதலில் தண்ணீர், பிறகுதான் ஆஸ்பத்திரி. உடம்பு முழுக்க ஊற்றுங்கள், குறிப்பாக வயிறு, தொடை, அக்குள். கூடவே ஃபேன். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், துண்டு சூடாகி உள்ளே சூட்டை அடைத்துவிடும். மயக்கத்தில் இருக்கிற வாய்க்குள் தண்ணீர் புகட்டக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். கொஞ்சம் தெளிந்து எழுந்து நின்றாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும், உள்ளுறுப்புப் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தும் தெரியவரும்.

எங்கிருந்து தண்ணீர் என்பதில்தான் நம்மூர்ச் சிக்கல். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து "டேப் வாட்டர்" என்று ஓடிப்போய்க் குழாயைத் திறப்பீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மாடியில் இருக்கிற கறுப்பு சின்டெக்ஸ் டேங்கிலிருந்து வருகிற தண்ணீரில் கை வைக்க முடியாது. அதை நாய் மேல் ஊற்றினால் என்ன ஆகும்? ஆகவே வெயில் காலம் முடிகிறவரை காலையிலேயே இரண்டு பெரிய பக்கெட்டில் பிடித்துக் குளியலறைக்குள் மூடி வையுங்கள். கீழே சம்ப் இருக்கிறவர்கள் அதிலிருந்து மொண்டுகொள்ளலாம்.

இன்னொன்று, மாத்திரை. உடம்பு கொதிக்கிறது, காய்ச்சல் போல என்று டோலோ என்கிற பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெயில் தாக்கின சூட்டை அது இறக்காது. பூனைக்குப் பாராசிட்டமால் விஷம், அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடும். அதேபோல வெயில் காலத்தில் உண்ணி பெருகும் என்று நாய்க்கு வாங்கின மருந்தில் மீதி இருப்பதைப் பூனை முதுகிலும் தடவிவிடுகிறார்கள். அதில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்துவிடும். அட்டையைப் படியுங்கள், புரியவில்லை என்றால் டாக்டருக்கு ஒரு போன்.

நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், கூண்டும் ஒரு சங்கிலிதான். பால்கனியில் அழகுக்குத் தொங்கவிட்ட லவ் பேர்ட்ஸ் அலகைத் திறந்துகொண்டு இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருந்தால் அது கொஞ்சுவதில்லை, திணறுகிறது. முயலுக்கு 30 டிகிரிக்கு மேல் போனாலே கஷ்டம், வியர்க்காது, சரியாக இரைக்கவும் வராது, காது வழியாகத்தான் சூட்டை விட வேண்டும். ஒரு பாட்டில் தண்ணீரை ஃப்ரீஸரில் உறைய வைத்துத் துணி சுற்றிக் கூண்டுக்குள் போட்டால் தானே போய் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மீன் தொட்டியில் தண்ணீர் சூடாக ஆக ஆக்சிஜன் குறையும், கரண்ட் போய் மோட்டாரும் நின்றால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஒரு குவளையால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள், அன்றைக்குத் தீனியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

சட்டத்தையும் கேட்பீர்கள். 1960-லேயே பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. குட்டைச் சங்கிலியில் அளவுக்கு மீறி நேரம் கட்டிவைப்பது, போதுமான தண்ணீரும் இருக்க இடமும் கொடுக்காமல் விடுவது எல்லாம் அதன் 11-ஆம் பிரிவில் குற்றமாகவே இருக்கிறது. முதல்முறை மாட்டினால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. ஒரு பப்ஸும் டீயும் இன்றைக்கு அவ்வளவு ஆகிறது. ஆகவே போலீசுக்குப் போன் போட்டு அக்கம்பக்கத்து உறவைக் கெடுத்துக்கொள்வதைவிட, பக்கத்து வீட்டு நாய்க்காக நீங்களே பேசிப் பார்ப்பது நடக்கிற காரியம். நம்மூரில் "அண்ணே, மத்தியானம் மட்டும் எங்க போர்ட்டிகோவில் கட்டிக்கங்க" என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். எங்கள் தெரு லேப்ரடார் இப்போது பகலில் அந்த வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது, சங்கிலி இன்னும் கழலவில்லை, அதையும் பேச வேண்டும்.

கமென்டில் யாராவது "எங்க வீட்ல ஏசி இல்லையே" என்று வருவீர்கள் என்று தெரியும். எங்கள் வீட்டிலும் ஒரு அறையில்தான் இருக்கிறது, கரன்ட் பில்லைப் பார்த்து அதையும் பகலில் போடுவதில்லை. குளியலறைக் கதவைத் திறந்து வையுங்கள், தரையில் ரெண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி விடுங்கள். ஃபினாயில், ஆசிட் பாட்டிலை மட்டும் மேலே தூக்கி வைத்துவிட வேண்டும். தண்ணீரை மண்சட்டியில் வீட்டுக்குள் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள், காலையிலும் ராத்திரியிலும் மட்டும் சாப்பாடு போடுங்கள், உப்புப் போடாத நீர்மோர் கொஞ்சம் கொடுக்கலாம், வெங்காயம் போட்டுக் கலந்த தயிர்சாதம் வேண்டாம், வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. மற்றபடி வீட்டுக்குள் எங்கே படுப்பது என்பதை அதனிடமே விட்டுவிடுங்கள். சோபாவுக்குப் பின்னால், வாஷிங் மெஷின் பக்கம், பூஜை அறை வாசல் என்று அது தேடிப்போய்ப் படுக்கிற இடம்தான் உங்கள் வீட்டிலேயே குளிர்ச்சியான இடமாக இருக்கும், அங்கிருந்து விரட்டாதீர்கள்.